அராபி பாஷாவைக் கொழும்புக்கு அனுப்பிய கடன்

1883ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார் எகிப்தியத் தளபதி அஹ்மத் அராபி பாஷா. அவருடன் நாடு கடத்தப்பட்ட தோழர்களுள், அரபுக் கவிதைக்குப் புத்துயிர் அளித்தவர் என்று இன்றும் போற்றப்படும் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதியும் ஒருவர். இலங்கை முஸ்லிம்கள் அவர்களைப் பெருமதிப்புடன் வரவேற்றனர். கொழும்பிலும் கண்டியிலுமாக ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் அராபி பாஷா வாழ்ந்தார். துருக்கித் தொப்பி அங்கே பரவியதற்கு அவருடைய வருகையும் ஒரு காரணம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு.

அவர் வெள்ளையரை எதிர்த்தார், தோற்றார், தீவாந்தரம் அனுப்பப்பட்டார் என்ற அளவில் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்தப் போர் ஏன் மூண்டது? விடையை லண்டன், பாரிஸ் வங்கிகளின் கணக்கேடுகளில்தான் தேட வேண்டும்.

எகிப்து தன் முதல் அயல்நாட்டுக் கடனை 1862இல் சயீத் பாஷாவின் ஆட்சியில் வாங்கியது. மறு ஆண்டு இஸ்மாயீல் பட்டத்துக்கு வந்தபோது கடன் 30 லட்சம் பவுனுக்குச் சற்று மேல். அந்நாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அங்கிருந்து பருத்தி வருவது நின்று, எகிப்தியப் பருத்திக்கு விலை வானளாவ உயர்ந்திருந்தது. 1865இல் போர் ஓய்ந்தது, விலையும் சரிந்தது. இஸ்மாயீலின் கை மட்டும் சுருங்கவில்லை. இருப்புப்பாதைகள், பாசனக் கால்வாய்கள், பள்ளிக்கூடங்கள் என்று நல்ல செலவுகளும் உண்டு. அரண்மனைகளும், 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு ஐரோப்பிய அரச குடும்பத்தினரை அழைத்து நடத்திய விருந்துகளும் உண்டு. அவரைக் குற்றமற்றவர் என்று நாம் வாதாடப் போவதில்லை.

ஆனால் கடன் கொடுத்தவர்களின் கைவரிசையையும் பார்க்க வேண்டும். 1873இல் எகிப்து எழுதிக் கொடுத்த கடன் 3 கோடி 20 லட்சம் பவுன். கருவூலத்துக்கு வந்து சேர்ந்ததோ சுமார் 2 கோடி 7 லட்சம். வட்டி முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும்! நூறு ரூபாய்க்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அறுபத்தைந்தை எண்ணிக் கொடுக்கும் கந்துவட்டிக்காரரை நம் ஊர்ச் சந்தைகளில் நாம் அறிவோம். அவருக்கு வட்டிக்கடைக்காரர் என்று பெயர். அதே தொழிலைக் கண்டம் விட்டுக் கண்டம் செய்தவர்களுக்கு நிதி மேதைகள் என்று பெயர்.

கால்வாய்க் கணக்கும் இப்படித்தான். கால்வாய் வெட்டக் கட்டாய உழைப்புக்கு எகிப்திய உழவர்களை அனுப்புவதாகச் சயீத் பாஷா ஒப்புக்கொண்டிருந்தார். இஸ்மாயீல் அதை நிறுத்த முனைந்தபோது கம்பெனி இழப்பீடு கேட்டது. 1864இல் நடுவராக அமர்ந்தவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். கம்பெனியோ பிரெஞ்சுக்காரருடையது, அதன் தலைவர் லெஸ்ஸெப்ஸ், பேரரசி யூஜினிக்கு உறவினர். தீர்ப்பு: எகிப்து 8 கோடி 40 லட்சம் பிராங்க் கொடுக்க வேண்டும். தன் மக்களைக் கொத்தடிமை வேலையிலிருந்து விடுவித்ததற்கு ஒரு நாடு அபராதம் கட்டியது.

1875 நவம்பரில் கால்வாயின் 1,76,602 பங்குகளை இஸ்மாயீல் ஏறத்தாழ 40 லட்சம் பவுனுக்குப் பிரிட்டனிடம் விற்றார். 1880இல், எகிப்துக்கு எஞ்சியிருந்த 15 விழுக்காட்டு இலாப உரிமையும் கைமாறியது. அதன்பின் எகிப்திய மண்ணில், எகிப்தியர் எலும்புகளின் மேல் ஓடிய அக்கால்வாயின் இலாபத்தில் எகிப்துக்குப் பங்கே இல்லை.

விற்றும் கடன் தீரவில்லை. 1876இல் அது சுமார் 9 கோடி 10 லட்சம் பவுனாக நின்றது. அவ்வாண்டு மே திங்களில் கடன் கொடுத்தவர்களின் பிரதிநிதிகளைக் கொண்ட 'பொதுக்கடன் கருவூலம்' கெய்ரோவில் நிறுவப்பட்டது. வரி வருவாய் முதலில் அங்கே போகும், மிஞ்சியதே அரசுக்கு. மறு ஆண்டு நைல் நதியில் வெள்ளம் குறைந்து பயிர் பொய்த்தது. அப்போதும் வருவாயில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பத்திரக்காரர்களுக்கே சென்றது. விளைச்சலுக்கு முன்பே உழவனிடம் வரி பிடுங்கப்பட்டது. அவன் வயலில் நின்ற பயிரை வந்த விலைக்கு விற்றுக் கட்டினான். மேல் எகிப்தில் மக்கள் பசியால் மடிந்த காலம் அது.

1878இல் ஓர் ஆங்கிலேயர் எகிப்தின் நிதியமைச்சரானார். ஒரு பிரெஞ்சுக்காரர் பொதுப்பணி அமைச்சரானார். சிக்கனம் என்ற பெயரில் சுமார் 2,500 படை அதிகாரிகள் அரைச் சம்பளத்துக்குத் தள்ளப்பட்டனர். அந்தக் கொதிப்பிலிருந்து எழுந்தவரே, கிராமத் தலைவர் ஒருவரின் மகனான அராபி. இஸ்மாயீல் 1879இல் பதவி இழந்தபின் ஆட்சிக்கு வந்த தவ்ஃபீக்கிடம் அராபியும் அவர் பக்கம் நின்ற மக்கள் மன்றத்தாரும் கேட்டது பெரிதொன்றும் இல்லை. கடனுக்கென்று ஒதுக்கிய வருவாயை அவர்கள் தொடவில்லை. எஞ்சியதை எப்படிச் செலவிடுவது என்று வாக்களிக்கும் உரிமையையே கேட்டார்கள். அதற்கும் ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் இணங்கவில்லை. 1882 ஜூலை 11இல் அலெக்சாந்திரியாவின்மேல் பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. செப்டம்பர் 13இல் தெல்-எல்-கபீரில் அராபியின் படை முறிந்தது. கடன் கருவூலமோ 1940வரை நீடித்தது.

கொழும்பில் அவருக்கு உற்ற நண்பராக வாய்த்தவர் அறிஞர் சித்தி லெப்பை. 'முஸ்லிம் நேசன்' இதழை நடத்தியவர். எகிப்தில் பிறந்த நாயகனைக் கொண்டு 'அஸன்பேயுடைய சரித்திரம்' என்னும் நாவலை 1885இல் தமிழில் தந்தவர். 1892இல் கொழும்பில் எழுந்த ஸாஹிராக் கல்லூரிக்கு இவ்விருவரின் ஊக்கமும் வித்தாயிற்று.

இங்கே ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. கடன்பட்டவர் இடுக்கண்ணில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கப் பணிக்கிறது அல்-பகரா அத்தியாயம். விட்டுக்கொடுத்துவிடுவது இன்னும் மேல் என்றும் அறிவுறுத்துகிறது. ஜகாத்துக்கு உரிய எண்வகையினருள் கடன்பட்டோரும் அடங்குவர். கடன் திருப்பித் தர வேண்டியதே; அதில் நம் மார்க்கம் மிகக் கண்டிப்பானது. ஆயினும் கொடுத்தவரின் உரிமைக்கு ஒரு வரம்பு இருக்கிறது என்பதையும் அது சட்டமாக்கியது. பிற்கால நாடுகளும் தனிமனிதர் அளவில் இதை ஏற்றுக்கொண்டன. வியாபாரத்தில் நொடித்துப்போனவர் நீதிமன்றம் சென்று மஞ்சள் கடிதாசு கொடுத்துவிடுகிறார். அவருடைய வீட்டுக்குள் கடன்காரர் பீரங்கியோடு நுழைய முடியாது. ஒரு நாடு நொடித்துப்போனால் அது மஞ்சள் கடிதாசு கொடுக்க நீதிமன்றம் எது?

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் 44 நாடுகள் கூடி உலக நிதி அமைப்பைப் புதிதாகக் கட்டியபோது இதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. கடன்படும் நாட்டைப் போலவே, ஓயாமல் உபரி குவிக்கும் நாடும் தண்டம் கட்ட வேண்டும் என்ற திட்டத்தை ஆங்கிலப் பொருளியலறிஞர் கெயின்ஸ் வகுத்திருந்தார். உபரி அமெரிக்காவிடம் இருந்தது, திட்டம் நிறைவேறவில்லை. அங்கே இந்தியக் குழுவில் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது. போர் முடிவில் அது 130 கோடி பவுன் அளவுக்கு ஏறியது. எகிப்துக்கும் அவ்வாறே பட்டிருந்தது. அந்தப் பாக்கியை மாநாட்டில் பேச வேண்டும் என்று இவ்விரு நாட்டாரும் கேட்டனர். பிரிட்டன் இசையவில்லை. கடன்பட்டவன் வலியவனானால் வசூல் பேச்சே எழாது போலும்! அங்கே பிறந்த சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 விழுக்காட்டு வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது.

இரக்கத்துடன் கடன் தீர்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. 1953 பிப்ரவரி 27இல் லண்டனில், மேற்கு ஜெர்மனியின் கடன்களைப் பற்றி ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சுமார் 3,000 கோடி மார்க் கடன் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுகளுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும். ஜெர்மனி தன் ஏற்றுமதியில் ஈட்டுவதிலிருந்தே கடனை அடைக்க வேண்டும், மக்களின் வயிற்றைக் கட்டி அல்ல என்பது பேச்சின் அடிப்படை. ஆகவே பணம் திரும்ப வேண்டுமானால் கொடுத்தவர்களே ஜெர்மன் சரக்கை வாங்கியாக வேண்டும்! இது தூய கருணை என்று நாம் மயங்க வேண்டியதில்லை. சோவியத்துக்கு எதிராக ஒரு வலிய ஜெர்மனி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஆயினும் முறை பலித்தது. ஜெர்மனி தழைத்தது, கடைசித் தவணையை 2010 அக்டோபரில் கட்டி முடித்தது.

அந்த உடன்படிக்கையில் கடன் கொடுத்த தரப்பில் கையெழுத்திட்ட நாடுகளுள் ஈரான் இருந்தது, பாகிஸ்தான் இருந்தது, விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகளான இலங்கையும் இருந்தது.

2022 ஏப்ரல் 12இல் அதே இலங்கை, தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலவில்லை என்று அறிவித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் தவித்த நாள்கள் அவை. ஆட்சியாளரின் பிழைகள், இஸ்மாயீலின் பிழைகளைப் போலவே, உண்டு. ஆனால் ஜெர்மனிக்கு ஒரு மண்டபத்தில் ஒரே உடன்படிக்கை கிடைத்தது. இலங்கையோ சீனாவிடம் தனியே, இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்த குழுவிடம் தனியே, பத்திரக்காரர்களிடம் தனியே என்று வாசல் வாசலாக நின்றது. இடையில் ஒரு வங்கி நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. பத்திரக்காரர்களுடனான ஏற்பாடு முடிவுக்கு வர 2024 டிசம்பர் ஆயிற்று.

நாடுகளின் கடனைத் தீர்க்க ஒரு பொதுவான சட்ட ஒழுங்கு வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 செப்டம்பரில் தீர்மானித்தது. ஆதரவு 124, எதிர்ப்பு 11. மறு ஆண்டு அதற்கான அடிப்படை நெறிகள் வாக்குக்கு வந்தன. ஆதரவு 136, எதிர்ப்பு 6. இத்தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்துவன அல்ல. பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் சட்டத்தின்கீழோ ஆங்கிலச் சட்டத்தின்கீழோ எழுதப்படுவதால், அவ்விரு நாடுகளும் இசையாமல் சட்டம் அசையாது. எதிர்த்த அறுவருள் அமெரிக்காவும் பிரிட்டனும் இருந்தன. ஜெர்மனியும் இருந்தது.