சரபோஜி மன்னரும் இரு குறவஞ்சிகளும்

சண்டிலிப்பாயிற் கோயில்கொண்ட கல்வளைப் பிள்ளையார்மீது கல்வளையந்தாதி பாடியவர் நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர். அதே புலவர் கரவெட்டி வேலாயுதரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கரவை வேலன் கோவையையும் பாடினார். ஒரு நூல் தெய்வத்தைத் தலைவனாகக் கொண்டது. மற்றையது புலவரை ஆதரித்த வள்ளலைத் தலைவனாகக் கொண்டது. தமிழ்ப் பிரபந்தங்களுக்கு இவ்விரு வழக்கும் உரியனவே. ஆயினும் தெய்வத்தைப் பாடும்போது எழாத ஐயம் ஒன்று வள்ளலைப் பாடும்போது எழுகின்றது. பாட்டில் வரும் தலைவனும் வாழ்ந்து மறைந்த மனிதனும் ஒருவர்தாமா என்பதே அவ்வையம். அதனை ஆராய்வதற்குத் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியைப் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியினும் சிறந்த நூல் கிடைத்தல் அரிது.

குறவஞ்சி படிப்பதற்கு மட்டும் எழுந்த நூலன்று. பாடி ஆடி நடிப்பதற்கு எழுந்தது. கட்டியக்காரன் வந்து தலைவனின் பவனியை அறிவிப்பான். பவனி வந்த தலைவனைக் கண்டு தலைவி மயலுறுவாள். நிலவையும் தென்றலையும் பழிப்பாள். தோழியிடம் நெஞ்சத்தைத் திறப்பாள். அவ்வேளையிற் குறத்தி வந்து தன் மலைவளமும் நாட்டுவளமும் பாடித் தலைவியின் கைபார்த்துக் குறி சொல்லுவாள். பின்னர்க் குறத்தியைத் தேடிக் குறவன் வருவான். பாத்திரங்கள் சில, பக்க வாத்தியங்களும் சில, கதையோ மிகச் சிறிது. மேல்நாட்டார் பெருவாத்தியக் குழுவை விடுத்துச் சில பாடகரையும் சில கருவிகளையுமே கொண்டு நடத்தும் சிற்றரங்க இசைநாடகத்தோடு இதனை ஒப்பிடலாம். 1946இல் ஆங்கில இசைப் புலவர் பெஞ்சமின் பிரிட்டன் அரங்கேற்றிய லுக்ரீசியா பற்றிய இசைநாடகம் எட்டுப் பாடகரும் பதின்மூன்று வாத்தியக்காரரும் மட்டுமே பங்குகொண்டது. மேல்நாடு செலவையும் ஆரவாரத்தையும் குறைத்து இருபதாம் நூற்றாண்டிற் போற்றிய அவ்வடிவுக்கு நிகரான ஒன்றைத் தமிழ்நாடு கோயில் மண்டபங்களிலும் அரண்மனைக் கூடங்களிலும் முன்னரே கண்டிருந்தது.

அத்தகைய இசைநாடகத்துக்குத் தலைவராக வாய்த்த சரபோஜி 1777இற் பிறந்தவர். தஞ்சை மன்னர் துளஜா 1787இற் காலமாகுமுன் அவரைத் தத்தெடுத்தார். ஆனால் அத்தத்தின் தகுதி மறுக்கப்பட்டது. துளஜாவின் உடன்பிறந்தாரான அமரசிங் அரசராயினர். இளைஞரான சரபோஜி ஜெர்மானியப் பாதிரியாரான சுவார்ட்ஸ் என்பவரின் பாதுகாவலில் வளர்ந்தார். சென்னையிலும் சிலகாலம் தங்கி ஆங்கிலக் கல்வி பெற்றார். 1798இற் கும்பினியாரின் ஆதரவோடு அவருக்கு முடி கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால், நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியாரின் கைக்குச் சென்றது. மன்னருக்கு எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஓரிலட்சம் பகோடாப் பணமும், நாட்டு வருவாயின் நிகரத்தில் ஐந்திலொரு பங்குமே. இருபத்திரண்டு வயதில் அவர் அரசர் என்னும் பெயரும் அரண்மனையும் செல்வமும் உடையவர். அரசாளும் பொறுப்பொன்றும் இல்லாதவர்.

இத்தகைய நிலையில் வேறு பல சிற்றரசர் வேட்டையிலும் களியாட்டிலும் காலத்தைப் போக்கினர். சரபோஜியோ வேறு வழியைத் தேடினார். நாயக்கர் காலத்திலிருந்து வந்த அரண்மனைச் சுவடித் தொகுதியைப் பெருக்கி, வடமொழி, தமிழ், தெலுங்கு, மராத்தி ஏடுகளோடு ஐரோப்பிய மொழி நூல்களையும் வாங்கிச் சேர்த்தார். 1805இல் அரண்மனையிலேயே தேவநாகரி எழுத்துக்களைக் கொண்ட அச்சுக்கூடம் அமைத்தார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தில் நாட்டு மருத்துவமும் ஐரோப்பிய மருத்துவமும் ஒருங்கே ஆராயப்பட்டன. கைகண்ட மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் எனப் பெயர் பெற்றன. அவரது அவையில் ஒருபுறம் மேல்நாட்டு வாத்தியங்கள் முழங்கின. மறுபுறம் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர் நாட்டியப் பயிற்சி முறையை இன்றுவரை நிலைக்குமாறு வகுத்தனர். 1826இல் அவரைக் கண்ட ஹீபர் அத்தியட்சர் அம்மன்னரின் கல்வியை வியந்து எழுதிவைத்தார். கலையை ஆதரித்த மன்னர் பலர். உடற்கூற்று நூலையும் நாட்டியப் பதத்தையும் ஒரே ஆர்வத்தோடு ஆதரித்த மன்னர் மிகச் சிலரே.

இவரைத்தான் கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சித் தலைவராக்கினார். டாக்டர் உ. வே. சாமிநாதையரின் பதிப்பால் அவர்தம் பிரபந்தங்கள் பிற்காலத்தார்க்கு எளிதிற் கிடைத்தன. குறவஞ்சியில் மன்னர் பவனி வருகின்றார். மதனவல்லி என்னும் தலைவி அவரைக் கண்டு காதல் கொள்கின்றாள். குறத்தி வந்து கைகூடும் எனக் குறி சொல்லுகின்றாள். திருக்குற்றாலக் குறவஞ்சியிற் குற்றாலநாதருக்கு உரிய இடம் இங்கே சரபேந்திரருக்கு அளிக்கப்படுகின்றது. இந்நாடகம் தஞ்சைப் பெரிய கோயிலில் ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் ஆடப்பட்டது. இறைவன் பவனி வரும் திருமுற்றத்திலேயே மன்னர் பவனியும் பாட்டிலே நிகழ்ந்தது.

இங்கே ஒரு முரண் தோன்றுகின்றது. பவனி என்பது ஆளும் உரிமைக்கு அடையாளம். தலைவன் தன் நாட்டு வீதியில் உலா வருதல், அந்நாடு அவனுடையது என்பதை ஊரறியக் காட்டுதலாகும். ஆனால் குறவஞ்சி எழுந்த காலத்திற் கோட்டைக்கு அப்பாற்பட்ட வீதிகள் மன்னருடையன அல்ல. வரி தண்டுவோரும் நீதி வழங்குவோரும் கும்பினியாரின் அலுவலர். பாட்டில் உள்ள பேரரசரை நாட்டிலே தேடினாற் காணமுடியாது. இதனைப் புலவரின் முகமன் என்று தள்ளிவிடுதல் எளிது; ஆனால் அது முழு உண்மையாகாது. வழிவழி வந்த மரபு தலைவனுக்கென ஓர் அணிகலனை ஆயத்தமாக வைத்திருந்தது. புலவர் அதனை எடுத்துத் தம் மன்னருக்குப் பூட்டினார். நாட்டை இழந்தவருக்கு அந்த அணிகலன் ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். அவர் இழந்ததை ஆண்டுதோறும் நினைவூட்டியும் இருக்கலாம். அம்மனிதர் எதனைத் தேடினார் என்பதற்கு மட்டும் அதில் விடை இல்லை.

அவ்விடையை மற்றொரு குறவஞ்சியிலே காணலாம். அது சரபோஜி தாமே மராத்தி மொழியில் இயற்றிய தேவேந்திரக் குறவஞ்சி. வடிவம் பழையதே, குறத்தி அங்கும் வருகின்றாள், தான் கண்ட நாடுகளைச் சொல்லுகின்றாள். ஆனால் அவள் சொல்லும் நாட்டுவளம் பொதியமலையோடும் காவிரியோடும் நின்றுவிடுவதில்லை. ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா, அமெரிக்கா என்னும் கண்டங்களையும் அவற்றின் நாடுகளையும் அவள் பாடுகின்றாள். பூகோள சாத்திரம் முழுவதும் குறத்தி வாயிலாக இசையும் ஆட்டமுமாய் வெளிப்படுகின்றது. ஊரூராய்த் திரியும் குறத்தி பல நாடும் அறிந்தவள் என்பது குறவஞ்சி மரபு. அம்மரபிலிருந்து ஒரு நூலிழையும் அறுக்காமல் புதிய அறிவை அதனுள்ளே புகுத்தியது மன்னரின் நுண்ணறிவு. ஐரோப்பியர் படமாகவும் அட்டவணையாகவும் கற்பித்ததை, அவர் தம் மக்கள் கேட்டுப் பழகிய இசையிலே கற்பிக்க எண்ணினார்.

இரு நூல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் வேற்றுமை தெளிவாகும். பிறர் பாடிய குறவஞ்சியில் மன்னர் காணப்படும் பொருள். யாவரும் அவரைப் பார்க்கின்றனர். தாம் பாடிய குறவஞ்சியில் அவர் காண்பவர், உலகத்தைப் பார்க்கின்றார். முன்னதில் அவர் உலா வரும் வீதி தஞ்சையோடு முடிகின்றது. பின்னதிற் குறத்தியின் காலடி நிலவுலகமெங்கும் செல்லுகின்றது. ஆளுதற்கு நிலம் இல்லாதவர் அறிதற்கு எல்லையில்லை என்று கண்டார் போலும்.

அவர் தேடல் ஏட்டோடும் நின்றதன்று. 1803இற் பெரிய கோயிற் சுவரிலே தம் போன்சலே குலத்தின் வரலாற்றை மராத்தியில் மிக நீண்ட கல்வெட்டாகப் பொறிப்பித்தார். தத்துரிமை மறுக்கப்பட்ட ஒருவர் தம் குலத்தைக் கல்லிலே நாட்ட விரும்பியதில் வியப்பில்லை. தம்மை வளர்த்த சுவார்ட்ஸ் பாதிரியார் 1798இல் மறைந்தபோது ஆங்கிலத்தில் இரங்கற்பா எழுதினார். பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். தாம் நேசித்த முத்தம்பாள் என்னும் மாதரின் நினைவாக ஒரத்தநாட்டிலே அன்னசத்திரம் அமைத்தார். பின்னர் 1820இற் புறப்பட்டு, பெருங் கூட்டத்தோடு காசி யாத்திரை சென்று 1822இல் மீண்டார். அங்கும் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். கிறித்தவக் குருவிடம் வளர்ந்தும் சைவக் கோயிலின் காவலராகவும் காசி யாத்திரிகராகவும் வாழ்ந்த அவர், ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைக் கைவிடவில்லை.

எனினும் புகழ்ச்சியோடு மட்டும் இவ்வரலாற்றை முடித்தல் நேர்மையாகாது. அரண்மனைக்கு வந்த பணம் காவிரிக் கழனிகளில் உழைத்தோர் செலுத்திய வரியிலிருந்தே வந்தது. நெப்போலியன்மீது ஆங்கிலேயர் பெற்ற வெற்றியைப் போற்றி 1814இற் கடற்கரையில் மனோரா என்னும் எட்டடுக்குக் கோபுரத்தை எழுப்பியவரும் இம்மன்னரே. தம் ஆட்சியைப் பறித்தவரின் வெற்றியைக் கொண்டாடும் கட்டாயம் அவருக்கு இருந்தது. குறவஞ்சியின் பெயரில் மன்னர் பெயர் நிலைபெற்றது. பாடிய தேசிகர் பெயரும் நின்றது. மதனவல்லியாகவும் குறத்தியாகவும் தலைமுறை தலைமுறையாக ஆடிய கோயில் நடனமாதரின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்தன. இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அக்கோயிலாட்டம் நின்றது. 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடைசெய்தது. ஒரு கொடுமை ஒழிந்தது. அதனோடு ஒரு கலைக்குடியின் உயிர்த்தொழிலும் ஒழிந்தது. புரவலரின் பொருளால் எழுந்த நாடகம் நெடுநாள் வாழ்ந்தது ஆடியவர்களின் உடலாலும் நினைவாலுமே என்பதை வரலாறு மறத்தலாகாது.

சரபோஜி 1832இற் காலமானார். அவர் மைந்தர் சிவாஜி 1855இல் மறைந்தபின் தஞ்சை அரசு என்னும் பெயரும் இல்லாதொழிந்தது. ஆனால் சுவடிச்சாலை அழியவில்லை. 1918இற் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்குரிய நூல்நிலையமாயிற்று. அரசுரிமையாற் பெற்றவை அனைத்தும் போயின. அறிவு வேட்கையாற் சேர்த்தது எஞ்சியது.

யாழ்ப்பாணத்தாருக்கும் குறவஞ்சி புதியதன்று. இருபாலைச் சேனாதிராய முதலியார் நல்லைக் குறவஞ்சி பாடினார்; விசுவநாத சாஸ்திரியார் வண்ணைக் குறவஞ்சியும் நகுலமலைக் குறவஞ்சியும் பாடினார். இப்புலவர் இருவரும் சரபோஜியின் காலத்தவரே. நாடிழந்த யாழ்ப்பாணத்தில் அரசரைப் பாட இடமிருக்கவில்லை. அவர்தம் குறத்தியர் தெய்வங்களின் பதிகளையும் இந்நாட்டின் வளத்தையும் பாடினர். தஞ்சையிலும் நாடு இழக்கப்பட்டிருந்தது; ஆயினும் அரசர் இருந்தார். அவரைப் பாடிய குறவஞ்சி பழம்பெருமையைக் காத்தது. அவரே பாடிய குறவஞ்சி வருங்காலத்துக்கு வாயில் திறந்தது. ஒரு புரவலரின் உண்மை வடிவம் பிறர் அவரைப் பாடிய பாட்டில் மட்டும் அடங்குவதில்லை. தம்மைப் புகழும் மேடையைப் பிறருக்கு அறிவூட்டும் மேடையாகவும் ஆக்க அவர் முயன்றாரா என்பதே புரவலரை அளக்கும் கோல். அக்கோலால் அளந்தால், கோட்டைக்குள் அடைபட்ட அம்மன்னர் தம் பவனிப் பாட்டிலும் உயர்ந்தே நிற்கின்றார்.