டிரைபஸ் வழக்கும் தனிமனிதப் பொறுப்பும்

மக்களாட்சி நிலவும் நாட்டிலே அரசின் செயல்களுக்கு மக்கள் அனைவரும் பொறுப்பாளிகள் என்பது அரசியல் நூலோர் கொள்கை. ஆயின், அனைவர்க்கும் உரியதொரு பொறுப்பு நடைமுறையில் எவர்க்கும் உரியதன்றாய் ஒழிதலும் உண்டு. தற்காலச் சமுதாயம் அலுவலகங்களாலும் கட்சிகளாலும் பத்திரிகைகளாலும் இயங்குவது. ஒருவர் எழுத, மற்றொருவர் ஒப்பமிட, வேறொருவர் நிறைவேற்ற, முடிவில் விளைந்த தீமைக்கு உரியவர் யாரெனத் தேடுங்கால் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவர். இத்தகைய சமுதாயத்திலே தனியொருவரின் சுயசிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் இடமுண்டோ? இவ்வினாவுக்குத் தெளிவானதொரு விடையைப் பிரான்சு தேசத்தில் 1894 முதல் 1906 வரை நிகழ்ந்த டிரைபஸ் வழக்கிற் காணலாம்.

1870-71ஆம் ஆண்டுப் போரிலே பிரான்சு ஜேர்மானியரிடம் தோல்வியுற்று, அல்சாஸ் மாகாணத்தையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. இழந்த பெருமையை மீட்டுத் தரவல்லது இராணுவமே எனப் பிரெஞ்சு மக்கள் நம்பினர். ஆதலின், இராணுவத்தைக் குறைகூறுதல் நாட்டையே குறைகூறுதலாகக் கருதப்பட்டது. யூதர்மீது கொண்ட வெறுப்பும் அக்காலத்தில் வளர்ந்து வந்தது. எதுவார் துருமோன் என்பார் 1886இல் வெளியிட்ட நூலும், 1892இல் அவர் தொடங்கிய 'லா லீப்ர் பரோல்' என்னும் நாளேடும் அவ்வெறுப்புக்கு நெய்வார்த்தன.

இந்நிலையில், 1894 செப்டெம்பரில், பாரிசிலிருந்த ஜேர்மன் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து கிழிந்த கடிதமொன்று பிரெஞ்சு உளவுப் பகுதியின் கைக்கு வந்தது. பிரெஞ்சு இராணுவச் செய்திகள் சிலவற்றை அனுப்புவதாக அதிலே கையொப்பமின்றி எழுதப்பட்டிருந்தது. ஐயம் அல்சாஸ் மாகாணத்து யூதக் குடும்பத்திற் பிறந்த கப்டன் அல்பிரெட் டிரைபஸ் மீது வீழ்ந்தது. கையெழுத்தை ஆராய்ந்தோர் ஒருமித்த கருத்தினராயில்லை. கையெழுத்து ஒத்த இடங்களை டிரைபஸின் குற்றத்திற்குச் சான்றென்றும், ஒவ்வாத இடங்களை அவர் வேண்டுமென்றே மாற்றி எழுதியமைக்குச் சான்றென்றும் ஓர் ஆய்வாளர் விளக்கினார். இவ்வகை வாதத்தின்முன் எந்தக் குற்றமற்றவரும் தப்புதல் அரிது.

1894 ஒக்டோபர் 15இல் டிரைபஸ் கைது செய்யப்பட்டார். நவம்பர் மாதத் தொடக்கத்திலேயே பத்திரிகைகள் அவரைத் துரோகியெனத் தீர்த்துவிட்டன. டிசெம்பரில் இராணுவ நீதிமன்றத்தின் விசாரணை மூடிய கதவுகளுக்குள் நடந்தது. சான்றுகள் போதாமையை உணர்ந்த இராணுவ அமைச்சர் ஜெனரல் மெர்சியே, இரகசியக் கோவையொன்றை நீதிபதிகள் கலந்தாய்ந்த அறைக்கு அனுப்பிவைத்தார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ அவருடைய வழக்கறிஞரோ அக்கோவையைக் கண்டிலர். ஏழு நீதிபதிகளும் டிசெம்பர் 22இல் ஏகமனதாக டிரைபஸைக் குற்றவாளியெனத் தீர்த்தனர். 1895 ஜனவரி 5இல் இராணுவக் கல்லூரி முற்றத்திலே அவருடைய பதவிச் சின்னங்கள் பறிக்கப்பட்டன, வாள் முறிக்கப்பட்டது. தாம் குற்றமற்றவரென அவர் முழங்க, வெளியே கூடிநின்ற மக்கள் அவருக்கு மரணம் வேண்டுமெனக் கூவினர். பின்னர்த் தென்னமெரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிசாசுத் தீவிலே அவர் தனிச்சிறை வைக்கப்பட்டார்.

இங்கு நிகழ்ந்த அநீதியைத் தீயவர் சிலருடைய சூழ்ச்சியாக மட்டுங் கொள்ளுதல் பொருந்தாது. எழுத்தாய்வாளர் தம் கருத்தைக் கூறினர். விசாரணை அதிகாரி தம் அறிக்கையை எழுதினார். அமைச்சர் நாட்டின் பாதுகாப்பைக் கருதியதாகச் சொல்லிக்கொண்டார். நீதிபதிகள் மேலதிகாரிகளை நம்பினர். மக்கள் பத்திரிகைகளை நம்பினர். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செய்ததாகவே எண்ணினர். சான்று உண்மையோ என வினாவுதல் தமது கடமை என எண்ணியவரே அவர்களுள் இல்லை.

அவ்வினாவை எழுப்பியவர் லெப்டினன்ட் கேணல் ஜோர்ஜ் பிக்கார். 1895இல் உளவுப் பகுதியின் தலைமையை ஏற்ற இவர் டிரைபஸின் நண்பரல்லர். யூதர்பால் அக்கால அதிகாரிகள் கொண்டிருந்த வெறுப்பு இவரிடத்தும் இருந்தது. 1894ஆம் ஆண்டு விசாரணையை நேரிற் பார்த்திருந்த இவர் டிரைபஸைக் குற்றவாளியென்றே நம்பியிருந்தார். 1896 மார்ச் மாதத்தில் ஜேர்மன் தூதரகத்திலிருந்து கிடைத்த மற்றொரு கடிதத் துண்டு, மேஜர் எஸ்தர்ஹாசி என்னும் பிரெஞ்சு அதிகாரிமீது ஐயம் எழச் செய்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் எஸ்தர்ஹாசி எழுதிய விண்ணப்பக் கடிதங்கள் பிக்காரின் கைக்கு வந்தன. அவற்றை 1894இல் அகப்பட்ட கடிதத்தோடு ஒப்புநோக்கியபோது இரண்டும் ஒருவர் கையெழுத்தே என்பது தெளிவாயிற்று. பின்னர் இரகசியக் கோவையை எடுத்து நோக்கினார். டிரைபஸின் குற்றத்தை நிறுவத்தக்கது ஒன்றேனும் அதில் இல்லை.

உண்மையை மேலதிகாரிகளிடம் அறிவித்த பிக்காருக்குக் கிடைத்த விடை, இரு வழக்குகளையும் தொடர்புபடுத்த வேண்டாம் என்பதே. ஒரு யூதன் தீவிற் கிடந்தால் அதனால் உமக்கு என்ன என்னும் பொருள்பட ஜெனரல் கொன்ஸ் வினாவியதாகவும், இவ்விரகசியத்தைத் தாம் கல்லறைக்குக் கொண்டுசெல்லப் போவதில்லை எனத் தாம் மறுமொழி கூறியதாகவும் பிக்கார் பின்னர்ச் சாட்சியமளித்தார். அவரைப் பாரிசினின்றும் அகற்றி, ஈற்றில் தூனிசியாவுக்கு அனுப்பினர். அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய ஆன்றி என்னும் அதிகாரி, டிரைபஸின் பெயர் வெளிப்படக் காணும் போலிக் கடிதமொன்றைப் புனைந்து கோவையிற் சேர்த்தார். 1898 ஜனவரி 11இல் எஸ்தர்ஹாசி விடுவிக்கப்பட்டார். இரண்டு நாளின்பின் பிக்கார் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் பதவி இழந்தார். அவ்வாண்டு ஜூலையில் மீண்டுஞ் சிறைப்பட்டு ஏறக்குறையப் பதினொரு மாதங்கள் அங்கிருந்தார்.

பிக்கார் கைதான அந்நாளிலேயே, 1898 ஜனவரி 13இல், எமில் சோலா குடியரசுத் தலைவருக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் 'லோரோர்' பத்திரிகையில் வெளிவந்தது. குற்றஞ்சாட்டுகிறேன் என்பது அதன் தலைப்பு. புகழின் உச்சியிலிருந்த அவ்வெழுத்தாளர், தம்மீது அவதூறு வழக்குத் தொடரப்படும் என்பதை அறிந்தே அதனை எழுதினார். ஓராண்டுச் சிறையும் 3000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட, இங்கிலாந்துக்குச் சென்று மறைந்து வாழ்ந்தார். சோசலிசத் தலைவர் ஜான் ஜோரேஸின் வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. 1894இல் டிரைபஸுக்கு மரணதண்டனை விதிக்கப்படாமையைப் பாராளுமன்றத்திற் குறைகூறிய அவர், 1898இல் சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து டிரைபஸ் குற்றமற்றவரென நிறுவும் கட்டுரைகளை எழுதினார். முன்பு சொன்னதற்கு மாறாகப் பேச நேருமே என்னும் நாணம் அவரைத் தடுக்கவில்லை.

இவர்களெல்லாம் பெயர் பெற்றோர். வரலாற்று நூல்களிற் சிறுபான்மையே பேசப்படும் கப்டன் குய்ஞே என்பாரின் செயல் இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. 1898 ஜூலை 7இல் இராணுவ அமைச்சர் கவெஞ்ஞாக், ஆன்றி புனைந்த கடிதத்தை மெய்யான சான்றெனப் பாராளுமன்றத்தில் வாசித்தார். அவ்வுரையை நாடெங்கும் ஊர்தோறும் ஒட்டுமாறு சபை தீர்மானித்தது. கோவையை மீண்டும் பரிசோதிக்கும் பணி குய்ஞேயிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் டிரைபஸின் குற்றத்தை உறுதியாக நம்பியவர். அமைச்சரின் கூற்றுக்கு வலுச்சேர்ப்பதே அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. ஓகஸ்டு 13ஆந் தேதி இரவு விளக்கொளியிலே கடிதத்தைப் பிடித்து நோக்கியபோது, தாளிலிருந்த கட்டக் கோடுகளின் நிறம் மேலுங் கீழும் ஒருவாறாகவும், நடுவிலே வேறாகவும் இருக்கக் கண்டார். இரு வேறு கடிதங்களின் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

அக்கணத்திலே குய்ஞே தாளைக் கோவைக்குள் வைத்து மூடியிருக்கலாம். அறையிலே வேறு சாட்சியில்லை. வெளியிட்டால் வெட்கமடைவது அவருடைய அமைச்சர். நன்மை பெறுவது அவர் வெறுத்த கட்சி. ஆயினும் கண்டதைக் கண்டவாறே மேலிடத்தில் அறிவித்தார். ஓகஸ்டு 30இல் அமைச்சரின் விசாரணையில் ஆன்றி தம் செயலை ஒப்புக்கொண்டார். மறுநாள் சிறையிலே கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டார். வழக்கின் போக்கு அதனால் மாறிற்று. குய்ஞேயோ அதன் பின்னரும் டிரைபஸின் எதிர்ப்பாளராகவே இருந்தார். தம் கட்சியை அவர் விட்டிலர். தம் கட்சிக்காகத் தாளின் நிறத்தை மாற்றிக் கூறவுமிலர்.

மூன்றாமவர் கப்டன் பிரைஷ்டாட்டர். 1894இல் டிரைபஸைக் குற்றவாளியெனத் தீர்த்த எழுவருள் ஒருவர். மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய தீர்ப்பை நீக்கியதால் 1899இல் ரென் நகரில் மறுவிசாரணை நடந்தது. முன்னைய நீதிமன்றத்தின் தலைவர், இரகசியக் கோவையில் ஒரு தாளை மாத்திரமே தாம் வாசித்ததாகச் சாட்சியங் கூறினார். பிரைஷ்டாட்டர் எழுந்து, கோவை முழுவதும் நீதிபதிகளுக்கு வாசிக்கப்பட்டதென்றும், அவற்றுள் இன்னின்ன தாள்கள் இருந்தனவென்றும் தம் தலைவர் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். அதனால் வெளிப்பட்டது பிறர் பிழை மட்டுமன்று. தம் பெயரால் அளித்த தீர்ப்பின் பிழையுமாகும். தம் தீர்ப்புத் தவறென உணர்ந்தவிடத்து அதனைத் தம் வாயாலேயே ஏற்ற பாண்டியன் நெடுஞ்செழியனைச் சிலப்பதிகாரத்திற் கற்றோர்க்கு, இச்சாட்சியத்தின் அருமை எளிதில் விளங்கும்.

இத்துணைச் சான்றுகளுக்குப் பின்னரும் ரென் நீதிமன்றம் 1899 செப்டெம்பர் 9இல் ஐவருக்கு இருவர் என்னும் வாக்குக் கணக்கில் டிரைபஸை மீண்டும் குற்றவாளியென்றது. பத்து நாளின்பின் குடியரசுத் தலைவர் மன்னிப்பு வழங்கினார். 1906 ஜூலை 12இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை முற்றாக நீக்கி, அவர் குற்றமற்றவரென நிலைநாட்டியது. டிரைபஸ் மேஜராகவும் பிக்கார் பிரிகேடியர் ஜெனரலாகவும் இராணுவத்திற் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே பிக்கார் கிளெமென்சோவின் அமைச்சரவையில் இராணுவ அமைச்சரானார். சிறையிற் கழிந்த ஆண்டுகளையுங் கணக்கிட்டுத் தமக்குப் பதவியுயர்வு தருமாறு டிரைபஸ் வேண்டியபோது அதற்கு அவர் இணங்கவில்லை. ஒருவரிடத்து அன்பு இருந்தாலன்றி அவர்க்கு நீதி செய்ய இயலாது என்பார் கூற்றுக்குப் பிக்காரின் வாழ்க்கையே மறுப்பாகின்றது.

எதிர்த்தரப்பினரின் வாதத்தையும் நோக்குதல் முறை. கட்டளைக்குப் பணிதலின்றி இராணுவம் நில்லாது. ஒரு மனிதனுக்காக நாட்டின் காவலரண் குலைதல் தகாது என்பது அவர்தம் வாதம். பணிவு வேண்டற்பாலதே. எனினும் பணிவு செயலைப் பற்றியது, உண்மையைப் பற்றியதன்று. ஒரு படையணியை எங்கு நிறுத்துவதென மேலதிகாரி கட்டளையிடலாம். ஒரு கடிதத்தை எழுதியவர் இன்னாரெனக் கட்டளையிட எவர்க்கும் அதிகாரமில்லை. நாட்டைக் காக்கும் பொருட்டே உண்மை மறைக்கப்பட்டதென்பதும் ஏற்கத்தக்கதன்று. டிரைபஸ் சிறையிற் கிடந்த காலத்தின் பெரும்பகுதியில் மெய்யான ஒற்றன் இராணுவத்திற் பாதுகாப்பாக இருந்தான். துரோகியெனத் தூற்றப்பட்ட டிரைபஸோ, முதலாம் உலகப் போர் மூண்டபோது ஐம்பத்தைந்து வயதை அணுகியவராயிருந்தும் அந்நாட்டுக்காக மீண்டும் பணிபுரிந்தார்.

சுயசிந்தனை என்பது எதிர்த்துப் பேசுதலே எனப் பலர் கருதுவர். ஒரு கட்சியின் கூச்சலை விட்டு மறு கட்சியின் கூச்சலிற் சேர்தல் சிந்தனையாகாது. பிக்காரும் குய்ஞேயும் பிரைஷ்டாட்டரும் கலகக்காரரல்லர். தத்தம் படையையும் பதவியையும் போற்றியவரே. மூவரும் தம் கைக்கு வந்த தாளைத் தம் கண்ணாற் கண்டு, கண்டதைச் சொன்னார்கள். கையெழுத்தை ஒப்புநோக்குதலும், தாளை விளக்கின்முன் பிடித்தலும், கேட்டதை நினைவிற் கொண்டு உரைத்தலும் எவர்க்கும் இயலுவனவே. அரிதாயிருந்தது அறிவன்று, கண்டது தம் பக்கத்துக்குத் தீங்காயினும் அதனை மறையாத நேர்மையே.

1995இல் பிரெஞ்சு இராணுவ வரலாற்றுப் பகுதியின் தலைவர் டிரைபஸ் குற்றமற்றவர் என்பதைப் பகிரங்கமாக ஏற்றார். 2025இல் பிரெஞ்சுத் தேசிய சபை அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தும் சட்டமூலத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. ஓர் அரசு தன் பிழையை முற்றும் ஒப்புதற்கு நூறாண்டுக்கு மேலும் வேண்டியிருந்தது. தனிமனிதர் மூவருக்கு அத்துணைக் காலம் வேண்டியிருக்கவில்லை. கல்வி கற்று நாளை அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அமரவிருக்கும் மாணவர் ஒவ்வொருவர் கைக்கும் என்றாவது ஒருநாள் அத்தகையதொரு தாள் வந்து சேரும். அதனை விளக்கின்முன் பிடித்து நோக்குதல் அவரவர் பொறுப்பேயாம்.