ஏரிக்கரை நாற்காலி கடற்கரைக்கு வந்த வழி

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சாம்ப்ளெய்ன் என்றொரு பெரிய ஏரி. அதன் கரையில் வெஸ்ட்போர்ட் என்ற சிற்றூர். அங்கே கோடைக்கால வீடு வைத்திருந்த தாமஸ் லீ, 1903-இல் வெளியே போட்டு உட்கார நாற்காலிகள் செய்யத் தொடங்கினார். ஒன்று செய்வார்; வீட்டாரை ஒவ்வொருவராக உட்கார வைப்பார்; அவர்கள் சொல்வதைக் கேட்டு மாற்றிச் செய்வார். கடைசியில் தேறியது 11 துண்டுகள் கொண்ட ஒரு நாற்காலி. எல்லாமே ஒரே அகலப் பலகையில் அறுத்தவை. பின்னோக்கிச் சரிந்த இருக்கை, நன்றாகச் சாய்ந்த முதுகு, காபி டம்ளரை நிம்மதியாக வைக்கக்கூடிய அகன்ற கைகள்.

அதே ஊரில் ஹாரி பனல் என்ற தச்சர் இருந்தார், லீயின் நண்பர். குளிர்காலத்தில் அவருக்கு வேலை கிடைப்பது கடினம். இதைச் செய்து விற்றுக்கொள் என்று லீ தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார். பனல் 1904-இல் தன் பெயரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1905 ஜூலை 18 அன்று அது கிடைத்தது, எண் 7,94,777. பங்களா வகை நாற்காலி, தாழ்வாரத்துக்கும் புல்வெளிக்கும் ஏற்றது, நோயாளிக்கான நாற்காலியாகவும் மாற்றலாம் என்கிறது அந்தப் பத்திரம். லீயின் பெயர் அதில் இல்லை. பனல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதைச் செய்து விற்றார், பச்சையோ பழுப்போ பூசி.

அன்றைய சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. 1922-இல் பூட்டு திறந்தது. கொடையாகத் தொடங்கி, ஒருவர் கைக்குள் அடைபட்டு, மறுபடி எல்லோருக்குமான பொருளாக அது வெளியே வந்தது. அதன் உண்மையான பயணம் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது என்பேன்.

கணு இல்லாத அகலப் பலகை எங்கும் எளிதில் கிடைப்பதில்லை. 1938-இல் இர்விங் வோல்பின் என்பவர் குறுகலான சட்டங்களை விசிறிபோல் விரித்து முதுகு அமைத்தார். இன்று அடிராண்டாக் நாற்காலி என்ற பெயரில் உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தைத்தான். அடிராண்டாக் என்பது ஏரிக்கு மேற்கே உள்ள மலைத்தொடர். சின்னச் சட்டம் என்றானதும் புதிதாகக் கைவாள் பிடித்தவரும் துணிந்தார். வரைபடங்கள் இதழ்களில் வந்தன. இப்போது காசில்லாமல் கைபேசியிலேயே கிடைக்கின்றன.

இலவச வரைபடம் என்றதும் இத்தாலியின் என்சோ மாரியைச் சொல்லாமல் போக முடியாது. 1974-இல் மிலான் நகரில் அவர் 19 அறைகலன்களுக்கு வரைபடம் வெளியிட்டார். சாதாரணப் பலகை, சுத்தி, ஆணி போதும். தபால் செலவை அனுப்பினால் வரைபடம் வீடு தேடி வரும். யாரும் தமக்காகச் செய்துகொள்ளலாம், தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் கூடாது. செய்து முடித்ததன் படத்தை, குறிப்பாக நீங்கள் மாற்றிச் செய்ததை, எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. கையால் செய்து பார்த்தவருக்குத்தான் ஒரு பொருளின் தரம் புரியும் என்பது அவருடைய நம்பிக்கை. 2020-இல் மறைந்தார்.

இனி நம் ஊர். கடலூரில் கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்கருகே, புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகளைத் தாண்டினால் தேவனாம்பட்டினம். பழைய வீடுகளில் திண்ணை இருந்தவரை வெளியில் உட்கார நமக்குத் தனியாக ஒரு பொருள் தேவைப்படவில்லை. திண்ணை போய் மொட்டைமாடியும் போர்ட்டிகோவும் வந்தபின் அந்த இடத்தைப் பிளாஸ்டிக் நாற்காலி பிடித்துக்கொண்டது. வெயிலில் அது வெளுத்து, நொறுங்கி, குப்பைமேட்டுக்குப் போகிறது. மரத்தில் ஒன்று செய்யலாமே என்று, தச்சு வேலைக்குப் புதியவனான நான் அந்த ஏரிக்கரை நாற்காலியின் வரைபடத்தை எடுத்தேன்.

முதல் சிக்கல் மரத்தில் இல்லை, தாளில். வளைவான பின்கால்களுக்கு முழு அளவு அச்சு கொடுத்திருப்பார்கள். அதைத் தாளில் எடுத்து ஒட்டி, பலகைமேல் வைத்து வரைய வேண்டும். ஆனால் அமெரிக்கத் தாளின் அகலம் 216 மில்லிமீட்டர், நம்முடைய ஏ4 தாள் 210. தாளுக்குள் அடங்கட்டும் என்று அச்சு இயந்திரம் படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிடும். மூன்றடிக் காலில் அது ஓர் அங்குலம். ஜெராக்ஸ் கடையில் நூறு சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் உள்ள ஓர் அங்குலக் கட்டத்தை அளவுகோல் வைத்துப் பார்த்தபிறகே வாளை எடுங்கள்.

அடுத்தது பலகை. வரைபடத்தில் ஒன்றுக்கு நான்கு என்று இருந்தால் அது ஓர் அங்குலமும் அல்ல, நான்கு அங்குலமும் அல்ல. இழைத்து முடித்த அமெரிக்கப் பலகையின் நிஜத் தடிமன் முக்கால் அங்குலம், அகலம் மூன்றரை. நம் ஆசாரிகள் கணக்கில் ஆறு நூல் தடிமன். மரவாடியில் ஓர் அங்குலத்துக்கு அறுக்கச் சொல்லி, இழைத்து ஆறு நூலுக்குக் கொண்டுவர வேண்டும். விலை கன அடிக்குத்தான்: அடியில் நீளத்தை அங்குலத்தில் உள்ள அகலத்தாலும் தடிமனாலும் பெருக்கி 144-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 12 அடி நீளம், 4 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன் என்றால் கன அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு நாற்காலிக்கு ஏறக்குறைய இரண்டு கன அடி பிடிக்கும்.

எந்த மரம்? வரைபடம் சிடார் கேட்கிறது, பைன் கேட்கிறது. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு அந்தக் கவலை வேண்டாம். பக்கத்தில் பண்ருட்டி இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கரை கடந்தபோது அந்த வட்டாரத்தின் பலாவும் முந்திரியும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்ததை மறக்க முடியாது. பலா என்றால் பழத்தை மட்டும் நினைக்கிறோம். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலா போகிறது. வைரம் பாய்ந்த பலாவைக் கரையான் எளிதில் தொடாது. புதிதில் மஞ்சளாக இருந்து, வெயில் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். வெளிறுப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். அதைச் செல் அரித்துவிடும். சவுக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. பந்தக்காலுக்கும் சாரத்துக்கும் அது அருமையான மரம். பலகையாக அறுத்தால் முறுக்கும், வெடிக்கும்.

வரைபடத்தை ஓர் ஆசாரியிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "தம்பி, கணக்கு நல்லாதான் இருக்கு. ஆனா இது சீமை மரத்துக்குப் போட்ட கணக்கு. பலாவுல துளை போடாம திருகு ஏத்தினா பொளந்துடும்."

"எவ்வளவு பெரிய துளைண்ணே?"

"திருகோட மரை பிடிக்கணும், உடம்பு நெருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

எந்த வரைபடத்திலும் நான் படித்திராத தெளிவு இது. சட்டங்களுக்கு இடையே விடச் சொல்லியிருந்த இடைவெளியையும் அவர் கூட்டினார். ஐப்பசி கார்த்திகையில் மரம் ஊதும், சித்திரையில் சுருங்கும். நெருக்கி அடித்தால் சட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். இடைவெளி இருந்தால் மழைநீர் தங்காது, முதுகுக்குக் காற்றும் வரும்.

உப்புக் காற்று ஏரிக்கரை நாற்காலிக்குப் பழக்கமில்லாதது. சாம்ப்ளெய்ன் நன்னீர் ஏரி. இங்கே ஜன்னல் கம்பியே அரிக்கிறது. துத்தநாகம் பூசிய திருகு எத்தனை காலம் தாங்கும்? துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற தரம் கடலோரத்தில் பழுப்புக் கறை கட்டும். மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் சரி. படகுச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விலை கூடுதல்தான், ஆனால் திருகு போனால் மரம் இருந்தும் பயனில்லை. கால் நுனிகள் தண்ணீரை உறிஞ்சும் இடம். அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவலாம், படகுகளுக்குப் பூசி வந்த அதே எண்ணெய். தோலில் பட்டால் பொத்துவிடும் என்பதால் கையுறை கட்டாயம். உடம்பு படும் இருக்கையிலோ கைகளிலோ அதைப் பூசவே கூடாது. அங்கே வெளிப்புற வார்னிஷ் போதும்.

உயரம் இன்னொன்று. மூல நாற்காலி தாழ்வானது. சாய்ந்து கிடப்பதற்குச் சுகம், எழுவதற்கு முழங்கால் வலிமை வேண்டும். வயதானவர்கள் உட்காரும் வீட்டில் முன்கால்களை இரண்டு அங்குலம் உயர்த்தி, பின்சரிவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். லீ தன் வீட்டாரை உட்கார வைத்துத் திருத்தியதும் இப்படித்தானே. நம் வீட்டு அம்மாவையும் அப்பாவையும் உட்கார வைத்துத் திருத்துவது அவர் தொடங்கிய வேலையைத் தொடர்வதுதான்.

ஆகவே நாற்காலி செய்து முடிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் திருத்திய அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் நூலிலும், பலா, வேம்பு, பூவரசு என்று நம் மரங்களின் பெயரோடும் தமிழில் ஒரு தாளில் வரையுங்கள். திருத்தம் சொன்ன ஆசாரி சம்மதித்தால் அவர் பெயரையும் அதில் போடுங்கள்; லீயின் பெயர் விடுபட்டதுபோல் அவர் பெயர் விடுபட வேண்டாம். பிறகு அந்தத் தாளைக் கேட்பவருக்கெல்லாம் காசு வாங்காமல் கொடுங்கள்.