பத்துப் பேர் சேர்ந்தால் ஒரே நாளா?

ஒரு கிணற்றை ஒருவர் பத்து நாளில் வெட்டினால், பத்துப் பேர் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? பள்ளியில் நாம் எல்லோரும் போட்ட கணக்கு. ஒரு நாள் என்று எழுதி மார்க்கும் வாங்கிவிட்டோம். ஆனால் நிஜமாகவே கிணறு வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரும் ஒரே குழிக்குள் இறங்கினால் ஒருத்தர் மண்வெட்டி இன்னொருத்தர் காலில்தான் விழும் என்பார்கள். கம்ப்யூட்டர் உலகம் இதே பாடத்தைப் படித்துத் தேறிய வரலாறு சுவையானது. கார்டு பஞ்ச் பண்ணி ஃபோர்ட்ரான் எழுதிய மூத்த நண்பர்களுக்கும், லேப்டாப்போடு வகுப்புக்கு வரும் இன்றைய தம்பி தங்கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே இந்தக் கதை ஆரம்பித்துவிட்டது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, முதல் உலகப் போரின்போது பிரான்சில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். 1910 மே 20ஆம் தேதி ஐரோப்பிய வானிலைக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் என்ன மாறும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு வாரக்கணக்கில் உழைப்பு! விடையும் தப்பு. காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது கணக்கு. உண்மையில் அன்று அது அனேகமாக அசையவே இல்லை. மனிதர் சோர்ந்துபோகாமல் 1922இல் இதையெல்லாம் புத்தகமாகவே வெளியிட்டார்.

மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் வானிலை அறிக்கையால் யாருக்கு லாபம்? அதனால் அந்தப் புத்தகத்தில் அவர் ஒரு கனவையும் எழுதி வைத்தார். உருண்டையான பெரிய அரங்கம், சுவரெல்லாம் உலக வரைபடம், 64,000 பேர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு சிறு பகுதி. பக்கத்துப் பகுதிக்காரர்கள் பார்த்து எழுதிக்கொள்ளும்படி அவரவர் விடையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நடு மேடையில் ஒரு மேற்பார்வையாளர், முந்துகிறவர்கள் மேல் சிவப்பு வெளிச்சமும் பிந்துகிறவர்கள் மேல் நீல வெளிச்சமும் அடிப்பார். வேலையைப் பங்கு போடு, அண்டை வீட்டாரோடு மட்டும் பேசு, எல்லோரும் ஒரே நடையில் போ. இன்றைய மெசேஜ் பாஸிங் முறையின் சாரம் இந்த மூன்றும்தான்.

நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு எச்சரிக்கை மணி அடித்தது. 1967இல் ஜீன் ஆம்டால் ஒரு எளிய உண்மையைச் சொன்னார். பத்து மணி நேரம் ஓடும் புரோகிராமில் ஒரு மணி நேர வேலை பிரிக்கவே முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பிராசஸர் போட்டாலும் அந்த ஒரு மணி நேரம் குறையாது. ஆக மொத்தம் பத்து மடங்கு வேகம்கூட முழுசாகக் கிடைக்காது. ஆயிரம் பேருக்குக் கூலி கொடுத்துவிட்டு, பத்துப் பேர் வேலையை வாங்குவானேன்? பெரிய கம்பெனிகள் பலவும் ஒரே ஒரு பிராசஸரை வேகமாக்குவதிலேயே குறியாக இருந்தன.

கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிலையத்தில் சார்லஸ் சைட்ஸும் ஜெஃப்ரி ஃபாக்ஸும் வேறு வழியில் போனார்கள். 1983இல் அவர்கள் குழு ஓட்டிக் காட்டிய ‘காஸ்மிக் கியூப்’பில் 64 இன்டெல் 8086 சில்லுகள் இருந்தன. பொதுவான மெமரி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனி மெமரி, ஆறு அண்டை வீடுகள். ஏதாவது வேண்டுமென்றால் மெசேஜ் அனுப்பித்தான் கேட்க வேண்டும்.

லூப்பை எப்படிப் பங்கு போடுகிறார்கள்? 1000 வரிசை, 1000 பத்தி என்று கட்டம் போட்ட உலோகத் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியின் புது வெப்பநிலை, சுற்றியிருக்கும் நாலு புள்ளிகளின் சராசரி. ஒரு சுற்றுக்கு பத்து லட்சம் கணக்கு. இப்படி ஆயிரக்கணக்கான சுற்றுகள். நாலு பிராசஸருக்கு ஆளுக்கு 250 வரிசை கொடுத்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை லட்சம் புள்ளி. சுற்று முடிந்ததும் ஓர வரிசையை மட்டும் பக்கத்து ஆளுக்கு அனுப்பினால் போதும். மேலே 1000 எண், கீழே 1000 எண். லாபமான வியாபாரம்.

சரி, ஆயிரம் பிராசஸர் போடலாமே? அப்போது ஆளுக்கு ஒரே வரிசை. கணக்கு 1000, அனுப்புவது 2000! வேலையைவிடப் பேச்சு அதிகமாகிவிடும். அதிலும் 2000 எண்களை 2000 தபால் கார்டில் அனுப்பினால் கதை கந்தல். ஒரே கவரில் போட்டு அனுப்ப வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மெசேஜுக்கும் கிளம்பும் நேரம் என்று தனியாக ஒன்று உண்டு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ‘நீ முதல்ல சொல்லு’ என்று இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும்.

ஆம்டாலுக்குப் பதில் ஒரு பந்தயத்தில் வந்தது. உருப்படியான விஞ்ஞானக் கணக்கில் 200 மடங்கு வேகம் காட்டினால் 100 டாலர் தருகிறேன் என்று 1985இல் ஆலன் கார்ப் அறிவித்தார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் கஸ்டாஃப்சன், மான்ட்ரி, பென்னர் மூவரும் 1024 பிராசஸர் கொண்ட என்கியூப் மெஷினில் அதைச் சாதித்து, 1988இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கணக்கின் அளவை மாற்றாமலே 500 மடங்குக்கு மேல். ஆட்கள் கூடக்கூடக் கணக்கையும் பெரிதாக்கியபோது 1000 மடங்குக்கு மேல். கணக்கு பெரிசானால் பிரிக்க முடியாத பகுதி அதே வேகத்தில் பெருகுவதில்லை என்பதுதான் சூட்சுமம்.

நம் நாட்டுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தில், காற்றோட்டக் கணக்குகளுக்காக 1986இலேயே ‘ஃப்ளோசால்வர்’ என்ற இணைக் கணிப்பொறியைக் கட்டினார்கள். இந்திய விஞ்ஞானக் கழகம் கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. 1988இல் புனேயில் சி-டாக் பிறந்தது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் ‘பரம் 8000’ வந்தது. வெளிநாட்டு ராட்சச பிராசஸருக்காகக் காத்திருக்காமல், நாலு திசையிலும் மெசேஜ் அனுப்பும் இணைப்புகள் கொண்ட டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைக் கோத்துக் கட்டிய மெஷின். கேட்டது கிடைக்காதவனுக்கு மெசேஜ் பாஸிங் கை கொடுத்தது என்றே சொல்லலாம்.

ஆனால் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பாஷை. ஒன்றுக்கு எழுதிய புரோகிராமை இன்னொன்றுக்கு மாற்றி எழுதியே பலருக்கு ஆயுள் கழிந்தது. 1989இல் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஆரம்பித்த பி.வி.எம்., வெவ்வேறு கம்ப்யூட்டர்களை ஒரே மெஷின் போல இணைத்து வழி காட்டியது. 1992இல் வில்லியம்ஸ்பர்க்கில் கூடிப் பேசினார்கள். பல்கலைக்கழகங்கள், ஆய்வகங்கள், போட்டிக் கம்பெனிகள் என்று சுமார் நாற்பது அமைப்புகளின் ஆட்கள் சேர்ந்து உழைத்து, 1994இல் எம்.பி.ஐ. என்ற பொது விதிமுறையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஆறே ஆறு கட்டளைகளை வைத்துக்கொண்டு புரோகிராம் எழுதிவிடலாம்: தொடங்கு, நாம் எத்தனை பேர், நான் எத்தனையாவது ஆள், அனுப்பு, வாங்கு, முடி. அவ்வளவுதான்.

அதே 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும், கடையில் கிடைக்கும் 486 பிராசஸர்கள் பதினாறை ஈதர்நெட்டில் கோத்து ‘பியோவுல்ஃப்’ கட்டினார்கள். சாதாரணக் கல்லூரிக்கும் சூப்பர் கம்ப்யூட்டர் வாசல் திறந்தது அன்றுதான். 2022இல் ஓக் ரிட்ஜின் ‘ஃப்ரான்டியர்’ நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சைபர் போட்ட எண்ணிக்கையில் கணக்குப் போட்டு உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அங்கேயும் பிராசஸர்கள் பேசிக்கொள்வது எம்.பி.ஐ. வழியாகத்தான்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மடியில் இருக்கும் மெஷினிலேயே எட்டு கோர் இருக்கலாம். நீங்கள் எழுதும் சாதாரண லூப் ஒன்றில்தான் ஓடும். மற்ற ஏழும் சும்மா கிடக்கும். புராஜெக்டுக்கு இரவெல்லாம் ஓடுகிற லூப் இருந்தால், முதலில் எந்த வரி நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பாருங்கள். அப்புறம் பங்கு போடுங்கள். பேச்சைக் குறையுங்கள்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் லாபில் பழசாகி மூலையில் கிடக்கும் பி.சி.க்களில் எட்டைத் தூசி தட்டி, ஒரு ஸ்விட்சில் இணைத்துக் கொடுத்தால் நம் கல்லூரிக்கும் ஒரு பியோவுல்ஃப் தயார். ஒருத்தர் தலையில் கட்டாமல் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டால் பெரிய செலவில்லை. பங்கு போட்டபின் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்காமல், வேலையைப் பார்ப்போம்!