வெள்ளப் பரப்பும் உப்பள இழப்பும்: மரக்காணத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இயற்கைப் பேரிடரில் இழந்தது எவ்வளவு என்று கணக்கிடும் முறை, கிராமக் கணக்கேட்டிலிருந்து கணினி வரைபடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சியை வரிசைப்படுத்தி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் உப்பளங்களுக்கு அது எந்த அளவு பொருந்துகிறது என இக்கட்டுரை ஆராய்கிறது. பரப்பை அளப்பதில் கூர்மை பெற்ற வரைபடம் பருவத்தை இன்னும் அளக்கவில்லை என்பதே இதன் வாதம்.

அடங்கலிலிருந்து அட்லஸ் வரை

வருவாய்த்துறையின் பழைய கருவிகள் புலப்படமும் அடங்கலும். புயலுக்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் புல எண் வாரியாகப் பயிர்ச்சேதத்தைப் பார்த்து எழுதுவார். அடங்கல் பயிருக்கான ஏடு. உப்பு அதில் பயிராக இடம்பெறுவதில்லை.

1972இல் நிகரகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் அழித்தது. அதையொட்டி ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையம் புதியதொரு முறையை வளர்த்தெடுத்தது. உடைந்த உடைமை ‘சேதம்’, அதனால் நின்றுபோன வருமானம் ‘இழப்பு’ என அது இரண்டையும் பிரித்தது. 2004 சுனாமிக்குப் பின் ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி ஆகியவை இந்தியாவில் இம்முறையில் மதிப்பிட்டபோது, இரண்டும் சேர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டின.

1997இல் இரண்டு முயற்சிகள் வெளிவந்தன. இந்தியாவில் கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டு மன்றம், நிலநடுக்கம், புயல், வெள்ளம் தாக்கக்கூடிய பகுதிகளைக் காட்டும் அட்லஸை வெளியிட்டது. அமெரிக்காவில் ‘ஹேசஸ்’ மென்பொருள் நிலநடுக்க இழப்பை மதிப்பிட வந்தது. 2004இல் புயலும் வெள்ளமும் அதில் சேர்ந்தன. இத்தகைய மென்பொருள் மூன்று அடுக்குகளை இணைக்கிறது: பேரிடரின் வீச்சு, அதன் பாதையில் உள்ள உடைமை, அந்த உடைமை தாங்கும் திறன். எத்தனை அடி நீர் நின்றால் எவ்வகை வீடு எத்தனை விழுக்காடு கெடும் என்ற வளைகோடே கணக்கின் அச்சாணி.

செயற்கைக்கோள் கண்ட கரை

1988இல் இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏறியது. 2009இல் செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் ‘புவன்’ இணைய வரைபடம் வந்தது. 2012இல் ஏவப்பட்ட ரிசாட்-1, மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களைத் தந்தது. 2018இல் தமிழக அரசின் பேரிடர் எச்சரிக்கை அமைப்பான ‘டிஎன்ஸ்மார்ட்’ செயல்பாட்டுக்கு வந்தது. இக்கருவிகள் கைக்கு வந்த பின், 2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் மரக்காணம் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 செ.மீ. மழை பதிவானது.

ஆனால் ரேடாருக்கு உப்பளம் ஒரு புதிர். அலையற்ற நீர்ப்பரப்பு படத்தில் கறுப்பாகத் தெரியும். பாத்தியில் நிற்கும் உவர்நீரும் வெள்ளமும் ஒரே கறுப்பு. புயலுக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் வரப்பை மீறிய நீரைப் பிரிக்கலாம். வரப்புக்குள்ளேயே தங்கிய மழைநீரை அப்போதும் பிரிப்பது கடினம்.

பரப்பில் அடங்காத இழப்பு

உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் வற்றவைத்து, செறிவு சுமார் 25 பாமே டிகிரியை எட்டும்போது உப்பு விளைகிறது. கோடையில் ஒரு மணி நேரம் பெய்யும் மழை, பல நாள் வெயில் ஏற்றிவைத்த செறிவை இறக்கிவிடும். அந்த மழை வெள்ள வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இழப்பின் தன்மை வேறு: கரையில் குவித்த அம்பாரம் கரைகிறது, வரப்பு உடைகிறது, பாத்தியில் வண்டல் படிகிறது. நீர் வடிந்த பிறகும் சேறு அள்ளி, தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தி, மீண்டும் உப்பு எடுக்கும்வரை கூலியாட்களுக்கு வருமானமில்லை. 1972க்குப் பின் வகுத்த பிரிவின்படி இதில் பெரும்பகுதி ‘சேதம்’ அல்ல, ‘இழப்பு’. மென்பொருளின் வளைகோடோ சேதத்தை அளக்கப் பிறந்தது.

முடிவுரை

இக்குறையைத் தீர்க்கப் புதிய செயற்கைக்கோள் வேண்டியதில்லை. பாத்திகளின் எல்லை, மாத வாரியான உற்பத்திநிலை, அம்பாரங்களின் இருப்பு, ஆண் பெண் தொழிலாளர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் புயல் வருமுன்பே வரைபட அடுக்குகளாகச் சேர்க்க வேண்டும். மழையளவுக்கும் இழந்த உற்பத்தி நாட்களுக்கும் உள்ள தொடர்பை உப்பளத்துக்கென்றே தனி வளைகோடாக வகுக்க வேண்டும். அதற்கான அறிவு உப்பளத்தில் இறங்கி உழைப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கேட்டு எழுதும் கணக்கே நிவாரணத்தை அவர்கள் கைக்குக் கொண்டுசேர்க்கும்.