மருந்தும் சராசரியும்

2002ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி யப்பானிய அரசாங்கம் ஜெபிற்றினிப் என்னும் மாத்திரையை நுரையீரற் புற்றுநோய்க்குரிய மருந்தாக அங்கீகரித்தது. உலகில் அதற்கு முதன்முதலில் அனுமதியளித்த நாடு யப்பானே. விண்ணப்பித்து ஏறத்தாழ ஐந்து மாதங்களில் அனுமதி கிடைத்துவிட்டது. நாளத்தினூடாக ஏற்றப்படும் நச்சு மருந்துகளால் தலைமயிர் உதிர்ந்து, குமட்டலால் நலிந்திருந்த நோயாளருக்கு, நாளுக்கொரு மாத்திரை என்பது பெரும் ஆறுதலாகத் தோன்றியதில் வியப்பில்லை. ‘கனவு மருந்து’ என அது புகழப்பட்டது.

கனவு நீடிக்கவில்லை. மாத்திரையை உட்கொண்டோருட் சிலரின் நுரையீரல் இழையத்திலே கடும் அழற்சி தோன்றி, மூச்சை அடைத்தது. ஒக்ரோபர் 15ஆந் திகதி அவசர எச்சரிக்கை வெளியாயிற்று. எனினும், காலப்போக்கில் மாண்டோர் தொகை நூற்றுக்கணக்காயிற்று. 2004இல் ஒசாகாவிலும் தோக்கியோவிலும் வழக்குகள் தொடரப்பட்டன. மருந்துடன் வழங்கப்பட்ட விபரத்தாளில், கடும் பக்கவிளைவுகளின் வரிசையிலே இவ்வாபத்து நான்காவதாகவே குறிக்கப்பட்டிருந்தது. அது போதிய எச்சரிக்கையா என்பதே முக்கிய வினா. 2011இல் கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அஸ்ராசெனெகா கம்பனியைப் பொறுப்பாளியாகக் கண்டன. தோக்கியோ நீதிமன்றம் அரசாங்கத்தையும் சேர்த்துக் கண்டித்தது. மேன்முறையீட்டில் அத்தீர்ப்புகள் தலைகீழாயின. 2013 ஏப்பிரலில் அதியுயர் நீதிமன்றமும் கம்பனியின் பக்கமே நின்றது. சட்டம் எவ்வாறு கூறினும், எவருக்குப் பயன்படும் என்பது தெரியாத மருந்தொன்று ஐந்து மாதத்தில் பல்லாயிரவர் கைகளுக்குச் சென்றது என்ற உண்மை மாறுவதில்லை.

ஆம், எவருக்குப் பயன்படும் என்பது அன்று தெரியாது. நுரையீரற் புற்றுநோய்களில் 100க்கு ஏறக்குறைய 85, சிறுகலமல்லாத வகையைச் சேர்ந்தவை. அவற்றுட் பலவற்றின் கலங்களிலே ஈ.ஜி.எப்.ஆர். எனப்படும் வாங்கி காணப்படுகின்றது. பிரிந்து பெருகுமாறு கலத்துக்கு ஆணையிடுவது அதுவே. அவ்வாணையைத் தடுத்தால் நோய் ஒடுங்கும் எனக் கருதினர். 2003 மே மாதம் அமெரிக்கா அனுமதியளித்தபோது, 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கே கட்டி சுருங்கியிருந்தது. மற்றைய 90 பேரின் நிலையை விளக்க எவராலும் இயலவில்லை.

இந்நிலையிலேதான் ஒப்பீடுகள் தொடங்கின. 1,692 நோயாளர் பங்குபற்றிய ஆய்வொன்றில் ஜெபிற்றினிப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 5.6 மாதம், வெற்று மாத்திரை பெற்றோருக்கு 5.1 மாதம். பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. அதே வகையைச் சேர்ந்த ஏர்லொற்றினிப், 731 பேரிடம் சோதிக்கப்பட்டபோது, ஆயுளை 4.7 மாதத்திலிருந்து 6.7 மாதமாக உயர்த்தியது. எனவே பின்னையது வென்றது, முன்னையது தோற்றது என முடிவாயிற்று. 2005இல் அமெரிக்கா ஜெபிற்றினிப்பின் பாவனையைக் கட்டுப்படுத்தியது.

வகுப்பின் சராசரிப் புள்ளியைப் பார்த்து மாணவரை எடைபோடும் தவற்றை எம்மிற் பலர் செய்கிறோம். இங்கு நிகழ்ந்ததும் அதுவே. தோல்வியுற்ற அதே ஆய்வில், ஆசிய நோயாளர் 9.5 மாதம் வாழ்ந்தனர். வெற்று மாத்திரை பெற்ற ஆசியரோ 5.5 மாதமே. இதன் காரணம் 2004இலேயே பொஸ்ரன் நகர ஆய்வாளர்களால் வெளிப்படுத்தப்பட்டிருந்தது. சிலரது கட்டிகளில் அவ்வாங்கிக்குரிய பரம்பரையலகு விகாரமடைந்து, பெருகும் ஆணையை ஓயாது பிறப்பிக்கின்றது. மருந்து வீழ்த்துவது அத்தகைய கட்டிகளையே. அவ்விகாரம் கிழக்காசியரிடத்தும் புகைபிடியாதாரிடத்தும் மிகுதி.

2009இல் வெளியான கிழக்காசிய ஆய்வு ஐயத்தை அகற்றியது. விகாரமுடையோரில் 100க்கு 71 பேருக்கு ஜெபிற்றினிப் கட்டியைச் சுருக்கியது. விகாரமற்றோரில் 100க்கு ஒருவருக்கே அது பலித்தது. அவர்களுக்குப் பழைய நச்சு மருந்துகளே மேலானவையாயிருந்தன. ஒரே மாத்திரை ஒருவருக்கு வாழ்வு, அடுத்தவருக்கு வீண்காலம். தோற்றதெனப்பட்ட மருந்துக்கு 2015இல் அமெரிக்கா மீண்டும் இடமளித்தது, இம்முறை விகாரமுடையோருக்கு மட்டும். 2017இல் வெளியான சீன ஆய்வொன்று, விகாரமுடையோரிடத்து இரு மருந்துகளையும் நேரெதிரே நிறுத்தியது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2018இல் ஒசிமேற்றினிப் என்னும் புதிய மருந்தின் ஆய்வு வெளிவந்தபோது, முன்னாட் போட்டியாளர் இருவரும் ஒரே அணியில் அமர்த்தப்பட்டிருந்தனர்! புதியது நோயின் முன்னேற்றத்தை 18.9 மாதம் தடுத்து நிறுத்தியது. பழைய அணி 10.2 மாதம்.

இவ்வட்டவணைகளில் விலைக்கென ஒரு நிரல் இல்லை. அது நீதிமன்றப் பதிவேடுகளிலேயே காணக்கிடைக்கின்றது. இந்தியாவில் ரோஷ் கம்பனியின் ஏர்லொற்றினிப் மாத்திரையொன்று 4,800 ரூபாவுக்கு விற்கப்பட்டது. சிப்லா நிறுவனம் அதனை 1,600 ரூபாவுக்குச் சந்தைக்குக் கொணர்ந்தது. ரோஷ் தடைகோரிற்று. உயிர்காக்கும் மருந்து மக்களுக்குக் கிட்டவேண்டும் என்ற பொதுநலனையும் சீர்தூக்கி, 2008இல் டெல்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையை மறுத்தது. நாள்தோறும் விழுங்கவேண்டிய மாத்திரையில் 3,200 ரூபா வேறுபாடு எத்தனை குடும்பங்களின் காணியையும் தாலியையும் காத்திருக்கும் என்பதை எந்த ஆய்வும் கணக்கிடவில்லை. வழக்கு ஏழாண்டு இழுபட்டது. 2015 நவம்பரில் சிப்லா ஆக்கவுரிமையை மீறியதாகவே தீர்ப்பாயிற்று. ஆயினும் அவ்வுரிமை அடுத்த மார்ச்சிலே காலாவதியாகவிருந்தமையால் விற்பனை தடைசெய்யப்படவில்லை. அதே நவம்பரில், புதிய ஆக்கவுரிமையொன்றின் காவலில், ஒசிமேற்றினிப் அமெரிக்கச் சந்தையிற் புகுந்தது.