துணியில் தைத்த பெயர்கள்

இலண்டனில் பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சிறிய அருங்காட்சியகம் ஒன்று உண்டு. அந்நகரில் வாழும் எமது கல்லூரியின் பழைய மாணவியர் சிலர் அங்கு சென்றோம். பார்க்கப் போனது ஒரு போர்வையை. சிறு துணித்துண்டுகளைப் பொருத்தித் தைத்த அதனைச் சாங்கிப் போர்வை என்பர்.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த நேசநாட்டுப் பொதுமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். பெண்களும் பிள்ளைகளுமாக நானூறு பேருக்கு மேல் ஒரு புறத்தில் இருந்தனர், ஆண்கள் மறுபுறத்தில். படையிலிருந்த கணவன்மார் அயலிலுள்ள போர்க்கைதிகள் முகாமில். யார் உயிரோடிருக்கிறார் என்று கேட்டறிய வழியில்லை.

எதல் மல்வனி என்ற கனேடியப் பெண்மணி ஒரு வழி கண்டார். வைத்தியசாலையிலுள்ள காயப்பட்டோருக்குப் போர்வை தைத்தனுப்புவதே அது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன் பெயரையும் தன்னைப் பற்றிய ஏதேனுமொன்றையும் தைக்கவேண்டும். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், யப்பானியர் ஆகியோருக்கென மூன்று போர்வைகள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். யப்பானியருக்கும் ஒன்று தைத்தமை அனுமதி பெற உதவியது என்பர். காவலருக்கு அவை வெறும் பூவேலை. மறுபக்கத்தில் பெயரை வாசித்தவருக்கோ, மனைவி இருக்கிறாள் என்ற செய்தி. மற்ற இரு போர்வைகளும் இன்று கன்பெராவில், அவுஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

அதே சிறையில் எட்டு முதல் பதினாறு வயது வரையான சுமார் இருபது சாரணியச் சிறுமியரும் தம் தலைவி எலிசபெத் எனிஸின் பிறந்தநாளுக்கென ஒரு போர்வை தைத்தனர். பழைய உடுப்புகளில் வெட்டிய துண்டுகளே அவர்களுக்குத் துணி. அதிலும் அவர்களின் பெயர்கள் உள்ளன.

1990களில் யாழ்ப்பாணத்தில் படித்த எமக்கு இவ்வரலாறு விளக்கம் வேண்டாதது. தொலைபேசி இல்லை, பாதை இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தினூடாக வந்த சில வரிகளில் உறவினர் உயிரோடிருப்பதை அறிந்த வீடுகள் எத்தனை! யாழ். போதனா வைத்தியசாலையும் அக்கொடியின் பாதுகாப்பிலேயே இயங்கியது. எம்மில் வைத்தியரானோர் அதனை மறக்கவியலாது. எல்லா வாசல்களும் அடைபட்ட காலத்தில் சாங்கியிலும் இங்கும் திறந்திருந்தது நோயாளருக்கான வாசலே.

அப்போர்வையில் நேர்த்தியான தையலுக்கும் கோணல் தையலுக்கும் ஒரே அளவு இடம். நூற்றாண்டு மலர்கள் பெரும்பாலும் பரிசு பெற்றோரின் பெயர்களையே சுமக்கின்றன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வின்பின் வகுப்புக்குத் திரும்பாத எமது தோழியரின் பெயர்கள் எங்கே உள்ளன? அவர்களை அறிந்தோர் பெயரையும் படித்த ஆண்டையும் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். வகுப்புக்கு ஒரு துண்டாக நாமும் தைப்போம். அது கல்லூரி மண்டபத்தில் தொங்கட்டும்.